பிணியும் பழியும்: ஒரு பேட்டரி இலக்கணம்

பாயிரம் இல்லாமல் நூல் செய்வது மரபன்று. ஆகவே முதலில் அது. இந்நூல் நுதலிய பொருள், காலையில் செல்ஃப் எடுக்காத கார். வழங்கும் நிலம், திருப்பூர் ஊத்துக்குளி சாலையில் மண்ணரையும் அதைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனித் தெருக்களும். கேட்போர், ஒரு மல்டிமீட்டர் வாங்கச் சில நூறு ரூபாயும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க அரை மணி நேரமும் உடையவர்கள். பயன், தேவையில்லாத பேட்டரியை வாங்காதிருத்தல்.

நூல்வழி சொல்ல வேண்டுமானால் பிரான்சில் தொடங்க வேண்டும். 1859-ல் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-ல் காமில் ஃபோர் தகட்டின்மேல் ஈயப் பசையைப் பூசிச் சேமிப்பைப் பெருக்கினார். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் ஏறியது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்த மனிதனின் வேலை அன்றோடு பேட்டரியின் தலையில் விழுந்தது. வண்டி கிளம்பாவிட்டால் அதன்மேல் பழி போடும் வழக்கமும் அன்றைக்கே பிறந்திருக்க வேண்டும். நம் பக்கத்து ஆசிரியர் பரம்பரை காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பேட்டரியும் துருவும் ஆய்வுப் பாடங்கள். இரண்டுக்கும் உறவு உண்டு என்பது பின்னால் தெரியும்.

மண்ணரையை நிலமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. குறையைக் கண்டுபிடித்து வகை பிரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் இது. செக்கிங் டேபிளில் ஒரு டீ-ஷர்ட்டைப் புரட்டிப் போடும் அக்கா, ஆயில் கறையா, ஊசி ஓட்டையா, தையல் விட்டதா, ஷேட் மாறியதா என்று இரண்டு நொடியில் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். பையருடைய ஆள் வந்தால் ஏ.க்யூ.எல். 2.5 என்று அட்டவணையை விரித்து, எந்தக் குறை பெரியது, எது சிறியது, எத்தனை பீஸ் வரை பொறுக்கலாம் என்று அலசுவார். இப்பேர்ப்பட்ட ஊரில், வாசலில் நிற்கும் வண்டிக்கு மட்டும் ஒரே ஒரு குறைதான் உண்டு.

"ஏனுங்கண்ணா, செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்க."

"பேட்டரி போயிருக்கும் தம்பி. மாத்திப்போடு."

விசாரணை முடிந்தது. ஒரு லாட் துணியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் டையிங்காரரோடு மூன்று நாள் வாதாடுகிற அதே அண்ணன்தான் இவர். துணிக்குக் கிடைக்கிற நியாயம் பேட்டரிக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே முதற்பாகுபாடு. மாட்டேன் என்று நிற்கும் வண்டியின் பேட்டரி இருவகைப்படும்: பிணியுற்றது, பழியுற்றது. பிணியுற்றதற்கே நோய். பழியுற்றது நல்ல உடம்புக்காரன். குற்றம் வேறெங்கோ இருக்கிறது. பிணி நான்கு: சார்ஜ் குறைந்த பசி, தகட்டில் படியும் உப்பு, ஒரு செல் மட்டும் போகும் ஓரறைச் சாவு, முதுமை. பழியும் நான்கு: கேபிள் சேரும் இடத்தில் வரும் மூட்டுப்பழி, சார்ஜ் ஏற்ற வேண்டியவன் ஏற்றாததால் வரும் ஊட்டுப்பழி, நிற்கும் வண்டியில் யாரோ கரண்டைக் குடிப்பதால் வரும் திருட்டுப்பழி, இவை எதிலும் சேராத அயற்பழி. எட்டும் எட்டாகவே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்று மற்றொன்றாக மாறும். அந்த மாற்றத்தில்தான் காசு கரைகிறது.

தேர்வு முறைக்குச் சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வைக் கடன் வாங்குகிறேன்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். வைத்தியர் முதலில் நாடியைப் பிடிப்பார். நான் மொழியில் தொடங்குகிறேன். அதற்குக் காசும் வேண்டாம், பானெட்டையும் திறக்க வேண்டாம்.

சாவியைத் திருப்பியதும் வரும் ஓசை ஐந்து வகை. 'டகடகடகடக' என்று விடாமல் அடித்தால், ஸ்டார்ட்டரின் சோலனாய்டு சுவிட்ச் ஒட்டுகிறது, மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்டேஜ் விழுகிறது, சுவிட்ச் விடுபடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி ஒட்டுகிறது. பேட்டரிக்குப் பசி, அல்லது மூட்டுப்பழி. 'டக்' என்று ஒரே ஒரு அடியோடு நின்றால் சந்தேகத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பசி அல்லது முதுமை. ஓசையே இல்லை, டேஷ்போர்டில் விளக்கும் இல்லை என்றால் டெர்மினலைப் பார். விளக்கு பளிச்சென்று எரிந்து ஓசை மட்டும் இல்லையென்றால் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் நிலை, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் ஆகியவை அயற்பழிக்காரர்கள். ஐந்தாவது வகைதான் கொடுமையானது. இன்ஜின் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இன்ஜினைச் சுற்றிவிடுவதோடு பேட்டரியின் கடமை முடிந்தது. மிச்சம் பெட்ரோல், தீப்பொறி சம்பந்தப்பட்டது. இதை அறியாமல் பத்து நிமிஷம் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால், குற்றமற்றவன் உண்மையிலேயே படுத்துவிடுவான். பழி பிணியாகும் முதல் வழி இது.

அடுத்தது விழி. இருட்டில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் தாழ்ந்து இன்ஜினும் சுற்றினால் உடம்பு நலம். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பசி அல்லது டெர்மினல். வெளிச்சம் அசையாமல் நிற்க இன்ஜினும் அசையாவிட்டால் ஸ்டார்ட்டருக்குக் கரண்டே போகவில்லை. இத்தனையும் ஒரு சுவரில் தெரிகிறது. மீட்டர் வாங்காதவருக்கு இதுவே போதும்.

சில பேட்டரிகளின் தலையிலும் ஒரு கண் இருக்கிறது. பச்சை என்றால் சார்ஜ் உண்டு, கறுப்பு என்றால் குறைவு, வெளிறினால் தண்ணீர் வற்றியது என்பது பொதுவான வழக்கு. இந்தக் கண்ணை நம்பி வாதிடுவோர் பலர். ஆனால் அது ஆறு செல்லில் ஒன்றுக்குள் மட்டுமே எட்டிப்பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்துக் கிடந்தாலும் கண் பச்சையாகவே விழித்திருக்கும்.

நிறமும் மலமும் ஒரே இடத்தில் கிடைப்பவை. பானெட்டைத் திற. டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈய சல்ஃபேட். நீலமும் பச்சையுமாக இருந்தால் கேபிளின் செம்பை அமில ஆவி தின்றிருக்கிறது. பொடியைவிட முக்கியமானது அதற்கு அடியில் உள்ளது. கிளாம்பைக் கையால் திருகிப் பார்த்தால் பல வண்டிகளில் அது திரும்பும். ஒரு சரக்கு ஆட்டோவில் நான் பார்த்த கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே ஆணி ஒன்று அடித்து இறுக்கியிருந்தார்கள். ஆணியின் தலை ஈயத்துக்குள் பாதி புதைந்து, சுற்றிலும் பச்சை பூத்து, பக்கத்தில் கை வைத்தால் சூடாக இருந்தது. அந்த வண்டிக்கு ஒரு வருஷத்துக்குள் மாற்றிய பேட்டரி. ஆணி மட்டும் பழசு.

இதுதான் மூட்டுப்பழி. மண்ணரையில் விற்கும் புதுப் பேட்டரிகளில் கணிசமானவை இந்தப் பழிக்காகவே விற்கின்றன என்பது என் துணிபு. ஆதாரம் கேட்பவர் இரண்டு வண்டியின் கிளாம்பைத் திருகிப் பார்க்கட்டும். மருந்து எளிது. முதலில் நெகட்டிவைக் கழற்று, பிறகு பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பச் சோடாவைக் கலந்து ஊற்று, நுரைத்து அடங்கட்டும். செல்லின் மூடிக்குள் மட்டும் அது போகக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் துடை. நாடெங்கும் உள்ள மெக்கானிக் கடைகளுக்குக் கை துடைக்கத் துணி கொடுக்கும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. உப்புத்தாளால் கம்பத்தைப் பளபளப்பாக்கி, கிளாம்பை இறுக்கி, மேலே வாசலின் தடவு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீராதவருக்கு ஒரு நுண்தேர்வு உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கம்பத்திலும், மறுமுனையைக் கம்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் கிளாம்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். விரலளவு தூரம்கூட இல்லாத அந்த இடைவெளியில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் மூட்டில் அழுக்கு இருக்கிறது. எர்த் கேபிள் இன்ஜினில் சேரும் இடத்திலும் இதையே செய். எனக்கு இந்தச் சாஸ்திரத்திலேயே மிகவும் பிடித்த தேர்வு இது. பேட்டரியைக் கழற்றாமலே அதற்கு விடுதலை வாங்கித் தருகிறது.

பரிசம்: புறங்கையால் பக்கச் சுவரைத் தொடு. ஒரு மூலை மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஒரு செல் ஷார்ட். வயிறு உப்பியிருந்தால் அதிகச் சூடு, அதிகச் சார்ஜ். அழுகின முட்டை வாடை வந்தாலும் அதே. அப்போது வேறு ஆராய்ச்சி வேண்டாம், தள்ளி நில். தொடுகிற கையைவிடத் துணி நன்றாகச் சாட்சி சொல்லும் என்பது இந்த ஊருக்கே உரிய சிறப்பு விதி. பேட்டரியை வயிற்றோடு அணைத்துத் தூக்கியவரின் பருத்தி பனியனில் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்து எடுத்ததும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை விழும். செக்கிங் அக்காவிடம் காட்டினால் ஊசி ஓட்டை என்பார். இல்லை, அமிலம் பருத்தியைத் தின்றது. பேட்டரி கசிகிறது என்று பொருள்.

நா: கூடாது.

மூத்திரத் தேர்வு, மூடி திறக்கக்கூடிய பேட்டரிக்கு மட்டும். சீல் வைத்தவற்றுக்கு இல்லை. ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். டையிங் மாஸ்டர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயத் தொட்டியின் உப்பை அளக்க அவர்கள் தினமும் மிதக்கவிடுகிற கருவியின் தம்பிதான் இது. நிறையச் சார்ஜ் இருந்தால் ஒப்படர்த்தி 1.250 முதல் 1.280 வரை நிற்கும். வெப்ப நாட்டுக்குச் செய்தவை கொஞ்சம் தாழ்வாகவே தொடங்கும். எல்லாச் செல்லும் ஒன்றுபோல 1.150-இல் கிடந்தால் வெறும் பசி, சார்ஜுக்குப் போடலாம். ஐந்து செல் ஒரு பக்கமும் ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்தும் நின்றால் அது ஓரறைச் சாவு. ஆறு அறையில் ஒன்று போனாலும் வீட்டையே காலி செய்ய வேண்டியதுதான். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர் ஊற்றுபவரைப் பற்றி இந்நூல் பேசாது, தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். என்ற சொல்லைச் சிறுபிள்ளையும் அறிந்த ஊரில் அது அறியாமையாக இருக்க முடியாது. அமிலத்தையும் ஊற்றாதே. ஆவியாகிப் போனது தண்ணீர், அமிலம் அங்கேயேதான் இருக்கிறது. இந்த வேலை நடக்கும்போது பீடி பற்றவைப்பவரை வெளியே அனுப்பு. பேட்டரி விடும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும்.

கடைசியாக நாடி. வண்டியை ஓட்டி நிறுத்திய சூட்டோடு நாடி பிடிக்கக் கூடாது. தகட்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சார்ஜ் பொய் சொல்லும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் பார். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வை. 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வீதம் ஆறு செல். 12.4 முக்கால். 12.2 பாதி. 12 கால். 11.8 என்றால் பட்டினி. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஐந்து செல்தான் உயிரோடு இருக்கிறது. கணக்கு வாத்தியார் தேவையில்லை.

ஓய்வு நாடி மட்டும் போதாது. படுத்திருக்கும்போது எல்லோரும் ஆரோக்கியமானவர்களே. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே சரிந்தால், அதுவும் முன்பு 12.6 காட்டியது சரிந்தால், அது முதுமை. தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. காரைக்குடியில் பேட்டரியும் துருவும் ஒரே கூரையின்கீழ் படிக்கப்படுவதன் நியாயம் இங்கே விளங்கும். வெப்பம் சுமார் பத்து டிகிரி கூடினால் இந்த அரிப்பு இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நம்மூர்ப் பேட்டரியைக் கொல்வது சித்திரை வெயில். சாவுச் செய்தி ஐப்பசியில் மழை பெய்து குளிர்ந்த காலையில் வருகிறது. எல்லோரும் மழையைத் திட்டுவார்கள்.

இனி இன்ஜின் ஓடும்போது பார். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. இன்னும் பலர் டைனமோ என்றே சொல்கிறார்கள், பெயரில் ஒன்றுமில்லை. ஓடும்போதும் 12-இலேயே நின்றால் ஊட்டுப்பழி: பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது டைனமோவின் பிரஷ் தேய்ந்திருக்கும். புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது.

திருட்டுப்பழிக்குத் தனிப் படலம் வேண்டும், ஏனென்றால் அது திருப்பூரின் தேசிய நோய். தீபாவளி போனஸ் கொடுத்த மறுநாள் ஊர் காலியாகிறது. கம்பெனி பூட்டுகிறது. வண்டி ஷெட்டில் நிற்கிறது. பத்து நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டகடக'. நல்ல நிலையில் உள்ள காரும் தூங்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு அது நியாயமான கூலி. பத்து நாளைக்கு 12 ஆம்பியர்-அவர். சிறிய காரில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. மூன்றில் ஒரு பங்கு போயும் கிளம்பிவிடும். ஆனால் டிக்கியில் மூடாத கதவால் எரியும் ஐந்து வாட் பல்பு ஒன்று நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் குடிக்கும். நாலாம் நாள் வெறும் பாத்திரம். முதலாளி டிரைவரை வேவு பார்க்க மாட்டிய ஜி.பி.எஸ். கருவி, தம்பி மாட்டிய ஆம்ப்ளிஃபயர், செருகியே கிடக்கும் போன் சார்ஜர் ஆகியோரும் இந்த வகையில் அடங்குவர்.

திருடனைப் பிடிக்கும் முறை: சாவியை எடுத்துவிடு. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி வை. இனி சாவியைத் தொடாதே. செல்ஃப் அடித்தால் மீட்டர் புகையும். கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் பொறு, வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கும். அதன் பிறகும் 50 மில்லிக்கு மேல் நின்றால், ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது மீட்டர் சட்டென்று விழுகிறதோ, அந்த வீட்டில் திருடன் இருக்கிறான்.

பத்து நாளில் பிடித்தால் வெறும் பசி, சார்ஜர் போட்டால் எழும். இரண்டு மாதம் அப்படியே விட்டால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகி உப்பு நோய் ஆகிவிடும். சார்ஜருக்குப் போட்டவுடன் வோல்டேஜ் சரசரவென்று ஏறும், எடுத்தவுடன் சரசரவென்று இறங்கும். பழி பிணியாகும் இரண்டாவது வழி இது. நன்றாகச் சார்ஜ் ஏற்றி, அரை நாள் வைத்திருந்து, 12.4 கூட நிற்கவில்லையென்றால் தீர்ப்பு எழுதிவிடலாம்.

பிறர் மதம் மறுத்தல் இல்லாமல் நூல் நிறைவதில்லை. இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கலாம் என்பர் ஒருசாரார். அம்பாசடர் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய காரில் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரைச் சாகடிக்கும். ஸ்பேனரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறியின் நீளத்தால் உயிரை அளக்கலாம் என்பர் வேறொரு சாரார். அவர்களுடைய விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்க. தள்ளி ஸ்டார்ட் செய்வதை மறுக்கவில்லை. இரண்டாம் கியரில் போட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்க நிற்கும் கூட்டத்தில் நாலு பேரைக் கூப்பிட்டால் போதும். ஆட்டோமேட்டிக் காருக்கு அது ஆகாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் போடுவோர், கடைசி நெகட்டிவ் முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் இன்ஜினின் இரும்பில் தள்ளி மாட்ட வேண்டும். தீப்பொறி எப்போதும் கடைசி இணைப்பில்தான் பறக்கும்.

பிணிதான் என்று உறுதியாகி, ஓரறைச் சாவோ முதுமையோ உப்போ தீராது என்று தெரிந்தால், மாற்றுவதில் தாமதம் வேண்டாம். பழசைச் சாக்கடையில் கவிழ்க்காமல் கடையிலேயே எக்சேஞ்சுக்குக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியதன் நாடியைக் காசு கொடுக்குமுன் கடையிலேயே பிடித்துப் பார், 12.4-க்குக் கீழே இருந்தால் அலமாரியில் ரொம்ப நாள் தூங்கியது, வேறொன்று கேள். மாட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு மீட்டரில் 14-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிடு. கடைக்காரர் பழைய பேட்டரியைத் தராசில் ஏற்றுவதற்குள் இதை முடித்துக்கொள்வது உத்தமம்.